டிவிஎஸ் ரேசிங்

தமிழ்நாட்டின் ஓசூரில் உள்ள டிவிஎஸ் மோட்டார் நிறுவனத்தின் மோட்டார் சைக்கிள் பந்தய அணி. தொடங்கிய ஆண்டு 1982. மண்தடம், சூப்பர்கிராஸ், தார்த்தடம், நெடுந்தூர ராலி என நான்கு வகைப் பந்தயங்களிலும் ஓடியிருக்கிறது. இந்தியாவின் முதல் ஆலை அணி என்று நிறுவனம் தன்னைச் சொல்லிக்கொள்கிறது. அதற்கு முன்பே என்ஃபீல்ட், எஸ்டி வண்டிகளில் ஓடியவர்களுக்கு அந்தந்த ஆலைகளின் கைத்தாங்கல் இருந்ததாகச் சொல்வோரும் உண்டு. சம்பளமும் பட்டறையும் தந்து ஆண்டு முழுவதும் நடத்துவதே அணி என்று கொண்டால் நிறுவனத்தின் கூற்று நிற்கும். உதிரி பாகமும் ஒரு நல்ல மெக்கானிக்கும் தந்ததைக் கணக்கில் எடுத்தால் நிற்பது கடினம்.

ஊர் அணியும் ஆலை அணியும்

மோட்டார் சைக்கிள் அணி என்றதும் பிரிட்டனில் பலர் நினைவுக்கு வருவது ஸ்பீட்வே. நீள்வட்ட மண்தடத்தில் நான்கு பேர் நான்கு சுற்று ஓடுவார்கள். வண்டி 500 சி.சி., ஒற்றை சிலிண்டர், எரிபொருள் மெத்தனால், ஒரே கியர். பிரேக் கிடையாது. எல்லா வளைவும் இடப்பக்கம். பின்சக்கரத்தை வழுக்கவிட்டுத்தான் திரும்ப வேண்டும். ஆஸ்திரேலியாவில் 1923இல் மெயிட்லாண்ட் ஊரில் ஜானி ஹாஸ்கின்ஸ் நடத்திய பந்தயமே தொடக்கம் என்பது பரவலான கூற்று, எல்லோரும் ஏற்றதல்ல. பிரிட்டனில் 1928 பிப்ரவரி 19 அன்று ஹை பீச்சில் நடந்ததே முதல் என்பர். முந்தைய ஆண்டு கேம்பர்லியிலும் டிராயில்ஸ்டனிலும் நடந்தவற்றை முன்வைப்போரும் இருக்கிறார்கள். கேம்பர்லியில் வண்டிகள் வலஞ்சுழியாக ஓடின. அதனால் அது ஸ்பீட்வே ஆகாது என்று தள்ளிவிடுவது வழக்கம்.

அங்கே அணி என்பது ஊரின் உடைமை. மான்செஸ்டரின் பெல் வியூ அணி 1929 முதல் 1987 வரை ஹைட் சாலை அரங்கில் ஓடியது. வண்டியை யார் செய்தார்கள் என்று கேட்டு யாரும் கைதட்டவில்லை. இந்தியாவில் நடந்தது நேர்மாறு. ஊருக்கு அணி வாய்க்கவில்லை, ஆலைக்கு வாய்த்தது. தடத்தோரம் நின்றவர், வீட்டு வாசலில் நிறுத்தி வைத்திருந்த வண்டியின் பெயருக்குத்தான் ஆரவாரம் செய்தார். மண்தடமும் வேறு மாதிரி. இங்கே வளைவுகள் இரு பக்கமும் உண்டு, பிரேக்கும் கியரும் உண்டு, வண்டியும் பெரும்பாலும் கடையில் விற்ற வண்டியே.

களம்: சோழவரம்

சென்னைக்கு வடக்கே, கல்கத்தா சாலையில் செங்குன்றத்தைத் தாண்டினால் சோழவரம். இரண்டாம் உலகப் போரின்போது அங்கே ஒரு விமான ஓடுதளம் போடப்பட்டது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனக்குடா விமானதளத்தையும் தாக்கின. அதே மாதம் சென்னையிலும் குண்டு விழப்போகிறது என்ற அச்சத்தில் மக்கள் நகரை விட்டுக் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். இந்தியக் கரையிலும் இலங்கைக் கரையிலும் ஓடுதளங்கள் பெருகிய காலம் அது.

போர் முடிந்தபின் அவற்றின் கதி ஊருக்கு ஊர் மாறியது. சீனக்குடா 1957 வரை பிரிட்டிஷார் கையில் இருந்து இலங்கை விமானப்படைக்குப் போனது. இன்று அங்கே விமானப்படையின் பயிற்சிக் கழகம் இருக்கிறது. களுத்துறைக்கு அருகே பிரிட்டிஷ் கடற்படை அமைத்த கட்டுக்குருந்த ஓடுதளம் பின்னாளில் பந்தயத் தடமானது. சோழவரம் வேலையற்றுக் கிடந்தது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதைப் பந்தயத்துக்கு எடுத்துக்கொண்டது. கல்கத்தாவுக்கு பராக்பூர், பம்பாய்க்கு ஜூஹு என்று மற்ற நகரங்களும் ஓடுதளத்தையே நம்பியிருந்தன. ஆனால் நிலைத்த பெயர் சோழவரத்துக்குத்தான். ஆண்டுதோறும் அங்கே நடந்த பிப்ரவரிப் பந்தயத்துக்கு இலங்கையிலிருந்தும் போட்டியாளர்கள் வந்தார்கள். கார்கள்தான் செய்தித்தாளின் படத்தைப் பிடித்தன. கோவையின் கரிவர்தனும் விஜய் மல்லையாவும் கோண்டால் அரச குடும்பத்தாரும் ஓட்டினால் பிடிக்காமல் என்ன செய்யும்? மோட்டார் சைக்கிள் முடிவுகள் அடியில் சிறிய எழுத்தில் வந்தன.

தோற்றம்

டி.வி. சுந்தரம் அய்யங்காரின் பேருந்துத் தொழிலில் கிளைத்தது டிவிஎஸ் குழுமம். அதன் உறுப்பான சுந்தரம் கிளேட்டன் ஓசூரில் ஆலை வைத்து 1980இல் டிவிஎஸ் 50 மொபெட்டை வெளியிட்டது. இருவர் ஏறிப் போகக்கூடிய முதல் இந்திய மொபெட் அது. பால் கேனும் வாழைத்தாரும் சுமப்பதற்கென்று பிறந்ததோ என்று தோன்றும் அந்த வண்டியைத் தவிர விற்க வேறொன்றும் இல்லாத ஆலை, இரண்டே ஆண்டில் பந்தய அணி தொடங்கியது.

நூறு சி.சி. காலம்

எண்பதுகளின் தொடக்கத்தில் மத்திய அரசு சிறிய இருசக்கர வண்டிகளுக்கு வெளிநாட்டுக் கூட்டை அனுமதித்தது. நான்கு ஜப்பானியக் கம்பெனிகள் அடுத்தடுத்து உள்ளே வந்தன. 1984இல் ஓசூரிலிருந்து, டிவிஎஸ்ஸும் சுசுகியும் சேர்ந்த கூட்டில், இண்ட்-சுசுகி ஏஎக்ஸ் 100. 1985இல் ஹீரோ ஹோண்டா சிடி 100. அதே ஆண்டின் இறுதியில் எஸ்கார்ட்ஸ் தயாரித்த யமஹா ஆர்எக்ஸ் 100. 1986இல் பஜாஜின் கவாசாகி கேபி 100. அதுவரை இந்தியச் சாலை அறிந்தவை புல்லட்டும் ராஜ்தூத்தும் எஸ்டியும்தான். திருவொற்றியூரில் 1955 முதல் செய்யப்பட்ட புல்லட்டோடு ஒப்பிட்டால் இவை சைக்கிள் கனம்.

நால்வரில் ஹீரோ ஹோண்டா மட்டும் ஃபோர்-ஸ்ட்ரோக். மைலேஜ்தான் அதன் வாதம். தடத்தில் அதற்கு வேலை குறைவு. மற்ற மூன்றும் டூ-ஸ்ட்ரோக். அணியின் பெயர் பரவியதற்கு இந்த எஞ்சின் வகையே பெருங்காரணம் என்பதால் அதைச் சற்று விளக்க வேண்டும்.

டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் ஃபோர்-ஸ்ட்ரோக் வகை வால்வுகள் இல்லை. சிலிண்டர் சுவரில் உள்ள துளைகளைப் பிஸ்டனே ஏறி இறங்கும்போது மூடித் திறக்கிறது. துளையை அரத்தால் ஒரு மில்லிமீட்டர் உயர்த்தினால் எஞ்சினின் குணமே மாறிவிடும். மெக்கானிக்குகள் இதைப் போர்ட்டிங் என்பார்கள். அடுத்த வேலை சைலன்சரில். நடுவில் உப்பி இருமுனையும் ஒடுங்கிய குழாயைப் பொருத்தினால், வெளியேறும் புகையின் அழுத்த அலை திரும்பி வந்து, தப்பி ஓடும் பெட்ரோல் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளும். அதற்கு எக்ஸ்பான்ஷன் சேம்பர் என்று பெயர். ஹெட்டை இழைத்து அழுத்தத்தைக் கூட்டலாம். கார்புரேட்டரின் ஜெட்டை மாற்றலாம். ஸ்ப்ராக்கெட்டில் இரண்டு பல் கூட்டிக் குறைக்கலாம். ஆலையின் ஆய்வகத்தில் நடந்த இதே வேலை கோவையிலும் சேலத்திலும் ஓட்டுக் கொட்டகைப் பட்டறைகளிலும் நடந்தது. தனியாள் ஒருவர் ஆலை அணியைத் துரத்த முடிந்த காலம் என்றால் அதுதான்.

கிடைக்கும் சக்திக்கு விலை உண்டு. துளையை உயர்த்திய எஞ்சின் கீழ்ச் சுழற்சியில் சோம்பும்; மேலே ஒரு குறுகிய வீச்சில் மட்டும் சீறும். அந்த வீச்சை விடாமல் பிடித்துக்கொள்ள ஓட்டுநர் கியரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அன்றைய நூறு சி.சி. வண்டிகளுக்குப் பெரும்பாலும் நான்கே கியர். கலவையில் பெட்ரோல் குறைந்தால் பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும், பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஆகவே பழக்கமான கைகள் கிளட்ச் நெம்புகோலின் மேல் எப்போதும் ஒரு விரலை வைத்திருக்கும். ஓட்டம் முடிந்து வந்ததும் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது மெக்கானிக்கின் முதல் வேலை: காபி நிறமென்றால் சரி, வெளுத்திருந்தால் ஆபத்து, கறுத்திருந்தால் சக்தி வீண். இதைக் கற்றுத்தர எந்தக் கல்லூரியும் இல்லை.

பந்தய டூ-ஸ்ட்ரோக்குகளில் ஆமணக்கெண்ணெய் வகை ஆயிலைக் கலப்பது உலகெங்கும் வழக்கம். அது எரியும் மணத்தை ஒருமுறை முகர்ந்தவர் மறப்பதில்லை. நம் வீடுகளில் பிள்ளைகளைப் பயமுறுத்திய அதே விளக்கெண்ணெய்தான்.

யமஹா ஆர்எக்ஸ் 100 அணிக்கு வாய்த்த கடினமான எதிரி. 98 சி.சி.யில் 11 குதிரைத்திறன். ஏஎக்ஸ் 100இன் சக்தி அதற்குக் குறைவு. எனவே சுசுகி வண்டியை அதிகம் இழைக்க வேண்டியிருந்தது. 1986இல் இண்ட்-சுசுகி கம்பெனி டிவிஎஸ்-சுசுகி என்று பெயர் மாறியது. 1993இல் வந்த ஷோகன் ஏறத்தாழ 110 சி.சி.யில் 14 குதிரைத்திறன் தந்தது. தடத்தில் கற்றது விற்பனை வண்டிக்கு வந்ததென்று அணியின் ஆதரவாளர்கள் சொல்வதற்கு ஷோகன் நல்ல சான்று. அதன் சைலன்சர் ஓசையை இன்றும் கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிடுவோர் தமிழ்நாட்டில் குறைவில்லை. எது வேகமான வண்டி, ஷோகனா ஆர்எக்ஸா என்ற வழக்கு முடியவில்லை. இக்கட்டுரையும் தீர்ப்பு எழுதாது.

இருங்காட்டுக்கோட்டை

1990இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தடத்தைத் திறந்தது. நீளம் சுமார் 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். இந்தியாவில் பந்தயத்துக்கென்றே கட்டிய நிரந்தரத் தடங்களில் இதுவே முதல் என்பர். சோழவரத்தின் காலம் அதோடு முடிந்தது. புதிய தடம் பெங்களூர்ச் சாலையில் அமைந்ததால் ஓசூர் லாரிகளுக்கு நேர்வழி கிடைத்தது. நீண்ட நேர்கோட்டில் வேகம் காட்டிய எஞ்சின் போதாமல், வளைவில் நிற்கும் சேஸியும் டயரும் முக்கியமாயின.

1994இல் நிறுவனம் ஒரே வகை வண்டிகளுக்கான தனிப் போட்டியைத் தொடங்கியது. எல்லோருக்கும் ஒரே வண்டி. ஆலையே தந்து ஆலையே பராமரிக்கும். கைக்காசு போட்டு எஞ்சின் கட்ட முடியாத இளைஞர்கள் உள்ளே வர இது வாசல். பட்டறை மெக்கானிக்கின் வித்தைக்கு இதில் இடமில்லாமல் போனதும் உண்மை. பின்னர் புதியவர்களுக்கும் பெண்களுக்கும் தனிப் பிரிவுகள் சேர்ந்தன.

ஃபோர்-ஸ்ட்ரோக்குக்கு மாற்றம்

2000இல் நடப்புக்கு வந்த புகை விதிகளுக்குப் பின் டூ-ஸ்ட்ரோக் பைக்குகள் படிப்படியாகக் கடைகளிலிருந்து மறைந்தன. 2001இல் சுசுகி விலகியது. அணி ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகளான ஃபியரோவுக்கும், 2006இல் வந்த அப்பாச்சிக்கும் மாறியது. அடுத்த ஆண்டு அப்பாச்சியின் பெயரோடு சேர்ந்த ஆர்டிஆர் என்ற மூன்றெழுத்தில் பந்தயத்தைக் குறிக்கும் சொல்லும் அடக்கம். சென்னையின் ஜெகன் குமார் இந்த வண்டிகளில் பலமுறை தேசியப் பட்டம் வென்றார்.

பாலைவனம்

2015இல் பிரான்சின் ஷெர்கோ நிறுவனத்தோடு சேர்ந்து அணி டக்கார் ராலிக்குப் போனது. கர்நாடகத்தின் கே.பி. அரவிந்த் 2019இல் பெருவில் நடந்த டக்காரை 37ஆம் இடத்தில் முடித்தார்.  அதே 2019இல் பெங்களூரின் ஐஸ்வர்யா பிஸ்ஸே, பாஹா பந்தயங்களுக்கான உலகக் கோப்பையின் பெண்கள் பிரிவை வென்றார். மோட்டார் பந்தயத்தில் உலகப் பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவர். கேரளத்தின் ஹரித் நோவா 2021 டக்காரில் 20ஆம் இடமும், 2024இல் சவுதி அரேபியாவில் ஒட்டுமொத்தமாக 11ஆம் இடமும் ராலி-2 பிரிவில் முதலிடமும் பெற்றார்.

பாலைவனத்தோடு தார்த்தடமும் தொடர்ந்தது. 2022இல் ஆசிய சாலைப் பந்தயத் தொடரோடு இணைத்து, அப்பாச்சி ஆர்ஆர் 310 வண்டிகளுக்கான ஒரே வகைப் போட்டி தொடங்கியது. மின்சார வண்டிகளுக்கான போட்டி 2023இல் அறிவிக்கப்பட்டது.