அம்புக்குறி வலை பிறந்த கதை

பொறியியல் படித்தவர்களும் எம்.பி.ஏ. முடித்தவர்களும் ‘பெர்ட்’, ‘சி.பி.எம்.’ என்ற திட்டமிடல் முறை இரட்டையரை அவ்வளவு எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். (இந்த சி.பி.எம். கட்சி அல்ல.) வட்டங்கள், வட்டங்களை இணைக்கும் அம்புக்குறிகள், ஒவ்வோர் அம்பின் மேலும் இத்தனை நாள் என்று ஓர் எண். தேர்வில் கட்டாயம் வரும் கேள்வி. பாடப்புத்தகங்கள் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடும். ஆனால் ஒன்று ரசாயன ஆலையில் பிறந்தது. மற்றது ஏவுகணை அலுவலகத்தில். இரண்டும் தனித்தனியாக, 1950களின் பிற்பாதியில். பேர் வாங்கியது எது, கணக்கை ஒழுங்காகப் போட்டது எது என்று பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது.

முதலில் ஆலை. அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் யூனிவாக் என்ற ராட்சதக் கணினியை வாங்கி வைத்திருந்தது. அவ்வளவு விலை கொடுத்து வாங்கியதைச் சும்மா வைத்திருக்க முடியுமா? அதற்குத் தீனி போட என்ன வேலை இருக்கிறது என்ற தேடல் 1956 இறுதியில் மும்முரமானது. டூபான்ட்டின் பொறியாளர் மோர்கன் வாக்கர் ஒரு பழைய தலைவலியைக் கொண்டுவந்தார். ஆலை கட்டும் வேலை தாமதமானால் மேலாளர் செய்வதெல்லாம் ஒன்றுதான்: எல்லோருக்கும் ஓவர்டைம் கொடுப்பது. பணம் தண்ணீராகப் போகும், தேதி மட்டும் அசையாது. எந்த வேலையை முடுக்கினால் குறைந்த செலவில் அதிக நாள் மிஞ்சும்? யூனிவாக்கை விற்ற ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தின் கணித வல்லுநர் ஜேம்ஸ் கெல்லி அவரோடு சேர்ந்துகொண்டு, இந்தக் கேள்வியைச் சமன்பாடுகளாக மாற்றினார்.

நம் வீட்டுக் கல்யாணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மண்டபம் கிடைக்காமல் பத்திரிகை அடிக்க முடியாது. பத்திரிகை வராமல் ஊர் ஊராக அழைக்கப் போக முடியாது. இந்தச் சங்கிலியில் ஒரு நாள் நழுவினால் எல்லாமே ஒரு நாள் நழுவும். நகைக்கடைக்கோ துணிக்கடைக்கோ இரண்டு நாள் பிந்திப் போனால் குடி முழுகாது. நழுவவே கூடாத அந்த நீண்ட சங்கிலிதான் நெருக்கடிப் பாதை; அதைக் கண்டுபிடிக்கும் முறைதான் சி.பி.எம். காசைக் கொட்டுவதானால் அதில் கொட்ட வேண்டும். மற்றதில் கொட்டுவது வீண். இன்று கேட்டால் இதிலென்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் ஆயிரம் வேலைகள் பின்னிக் கிடக்கும் இடத்தில் அந்தச் சங்கிலி கண்ணுக்குத் தெரியாது. கணினிக்கு அங்கேதான் வேலை.

லூயிவில் நகரில் டூபான்ட்டுக்குச் செயற்கை ரப்பர் ஆலை ஒன்று இருந்தது. பராமரிப்புக்காக அதை நிறுத்தும் ஒவ்வொரு முறையும் சராசரியாக 125 மணி நேர உற்பத்தி போகும். புதிய முறையில் திட்டமிட்டு அதை 93 மணி நேரமாகக் குறைத்தார்கள். பெரும்பாலும் ஆள் கூட்டாமல், எதற்குப் பின் எது என்று ஒழுங்காக உட்கார்ந்து யோசித்தே வந்த லாபம் அது.

இத்தனைக்குப் பிறகும் தாய் நிறுவனம் பிள்ளையைக் கைவிட்டது. நிர்வாகத்தில் ஆட்கள் மாறினார்கள், ஆர்வம் வடிந்துவிட்டது. எனியாக் கணினியை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜான் மாக்லி தொடங்கிய நிறுவனத்துக்குக் கெல்லி போய்ச் சேர்ந்தார். கட்டுமான ஒப்பந்ததாரர்களுக்கு இந்த முறையைக் கற்றுக்கொடுத்துப் பிழைத்தது அந்த நிறுவனம்.

இப்போது அமெரிக்கக் கடற்படை. நீர்மூழ்கியிலிருந்து ஏவும் அணு ஏவுகணைக்காக 1955இல் ஒரு சிறப்புத் திட்ட அலுவலகம் தொடங்கினார்கள். தலைமை ரியர் அட்மிரல் வில்லியம் ரேபோர்ன். முதலில் தரைப்படையோடு கூட்டாக ஜூபிடர் ஏவுகணை. திரவ எரிபொருளைக் கப்பலுக்குள் வைத்துக்கொண்டு தூங்க யாருக்கும் மனம் வரவில்லை. திட எரிபொருளுக்கு மாறினார்கள்; ஏவுகணை பூதாகரமாகிவிட்டது, ஒரு நீர்மூழ்கியில் நான்கு வைப்பதே பெரும்பாடு. 1956 கோடையில் வுட்ஸ் ஹோல் என்ற ஊரில் நடந்த ஆய்வுக் கூட்டத்தில் அணு இயற்பியலாளர் எட்வர்ட் டெல்லர், சில ஆண்டுகளில் மிகச் சிறிய அணுகுண்டு கைக்கு வந்துவிடும் என்று உறுதி கொடுத்தார். இல்லாத குண்டை நம்பி ஏவுகணையை மறுபடி வரைந்தார்கள். அதுதான் போலாரிஸ்: ஒரு கப்பலில் பதினாறு.

1957 அக்டோபர் 4 அன்று சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவியது. போலாரிஸுக்குச் சில ஆண்டுகள் தள்ளி வைத்திருந்த கெடு 1960க்கு இழுக்கப்பட்டது.

அந்த நெருக்கடியில் 1958இல் பிறந்தது பெர்ட். ரேபோர்ன் அலுவலகத்தின் வில்லார்ட் ஃபேசார், பூஸ் ஆலன் ஆலோசனை நிறுவனம், ஒப்பந்ததாரர் லாக்ஹீட் ஆகியோரின் கூட்டுப் பிள்ளை. இதுவரை யாருமே செய்யாத வேலைக்கு எத்தனை நாள் என்று எப்படிச் சொல்வது? அதற்கு மூன்று மதிப்பீடு கேட்டார்கள்: எல்லாம் நன்றாக நடந்தால், வழக்கம்போல் நடந்தால், எல்லாமே சொதப்பினால். நடு எண்ணுக்கு நான்கு பங்கு, ஓரத்து எண்களுக்குத் தலா ஒரு பங்கு, ஆறால் வகுத்தல். மாணவர்கள் இன்றும் மனப்பாடம் செய்யும் சூத்திரம் அதுவே. ஏன் நான்கு, ஏன் ஆறு என்று கேட்டால் கணக்குப் போடச் சுலபம் என்பதுதான் பெரும்பகுதி பதில்.

1960 ஜூலை 20 அன்று ஜார்ஜ் வாஷிங்டன் என்ற நீர்மூழ்கி, ஃபுளோரிடா கடலடியிலிருந்து போலாரிஸை ஏவியது. கெடு தப்பவில்லை. பெர்ட்டின் புகழ் உலகெங்கும் பரவியது.

ஆனால் கெடுவைக் காப்பாற்றியது அம்புக்குறிதானா? நடந்ததைப் பாருங்கள். 1,500 கடல் மைல் பாய வேண்டிய ஏவுகணைக்கு முதல் பதிப்பில் 1,200 போதும் என்று குறைத்துக்கொண்டார்கள். புதுக் கப்பல் கட்ட நேரமில்லை. ஸ்கார்ப்பியன் என்ற பெயரில் கட்டத் தொடங்கியிருந்த தாக்குதல் நீர்மூழ்கியின் உடலைக் குறுக்கே பிளந்து, ஏவுகணை வைக்க 130 அடி நீளத் துண்டைச் செருகினார்கள். கேட்டதில் பாதியை ‘பிறகு’ என்று ஒதுக்கிவைக்க அதிகாரமும் துணிச்சலும் அந்த அலுவலகத்துக்கு இருந்தன. வலை வரைந்து வரும் துணிச்சல் அல்ல அது.

போலாரிஸ் பற்றி 1972இல் புத்தகம் எழுதிய ஹார்வி சபோல்ஸ்கி இதைத் தோண்டிப் பார்த்தார். உள்ளே வேலை செய்த பொறியாளர்கள் பலர் பெர்ட்டைப் பெரிதாக மதிக்கவே இல்லை. நாடாளுமன்றக் குழுவோ பாதுகாப்புத் துறை அதிகாரிகளோ எட்டிப்பார்க்க வந்தால், கணினி அச்சிட்ட தாள்களும் வண்ண வரைபடங்களும் அவர்களை வாயடைக்க வைத்தன. எல்லாம் கட்டுக்குள் இருக்கிறது என்று நம்பிக் கேள்வி கேட்காமல் திரும்பினார்கள். அந்தத் திரைக்குப் பின்னால் இருந்தவர்கள் நிம்மதியாக வேலை பார்த்தார்கள். இதை ஏமாற்று என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. நாலு பேர் நாலு திசையில் இழுக்கும் திட்டத்தில் அந்த நிம்மதியும் ஒரு மூலப்பொருள்தான். சிக்கல், திரையைப் பார்த்து வியந்தவர்கள் அதையே இயந்திரம் என்று எண்ணி வாங்கிப்போனதில் தொடங்கியது. 1962இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையும் நாசாவும் செலவுக் கணக்கையும் சேர்த்து ‘பெர்ட் காஸ்ட்’ என்று கையேடு போட்டு, ஒப்பந்ததாரர்கள் தலையில் கட்டின.

அவசரத்துக்கும் ஒரு விலை இருந்தது. டெல்லர் வாக்களித்த சின்னக் குண்டு சொன்ன காலத்துக்குள் வந்துவிட்டது. ஆனால் அந்தக் குண்டுகளில் பல, தேவைப்படும்போது வெடித்திருக்காது என்று 1960களின் நடுவில் தெரியவந்தது. எந்த அம்புக்குறி மேலும் அப்படி ஓர் எண் எழுதப்படவில்லை.

அம்பு வலையும் வெகுகாலம் நிலைக்கவில்லை. 1961இல் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜான் ஃபாண்டால், கணினியே இல்லாமல் கட்டுமானக்காரர்கள் கையால் போடக்கூடிய முறை ஒன்றை வெளியிட்டார். வேலைகள் பெட்டிக்குள் போயின; அம்பு வெறும் இணைப்பாயிற்று. இன்றைய திட்ட மென்பொருள்கள் திரையில் காட்டுவது அந்தப் பெட்டிகளை. உள்ளே ஓடுவது வாக்கரும் கெல்லியும் போட்ட நெருக்கடிப் பாதைக் கணக்கு. மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட் மட்டும் 1990களின் இறுதிவரை அந்தப் படத்துக்கு ‘பெர்ட் சார்ட்’ என்றே பெயர் போட்டு விற்றுக்கொண்டிருந்தது.