லயமும் பீலியும்: சப்ரகமுவத் தோட்டங்களின் சுகாதார வரலாறு பற்றிய ஒரு நோக்கு

இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களிலே பள்ளிப் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் ஏற்படும்போது, பெற்றோரின் அறியாமையையும் அசுத்தத்தையும் காரணமாகக் காட்டுவது எளிது. அக்காரணம் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை அறிவதற்கு லயத்தின் வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்தோரிற் பெரும்பாலோர் பருவ வேலைக்கு வந்து மீளும் ஆண்களாவர். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவிலான காம்பிராக்கள் கொண்ட லயம் அத்தகையோரை மனத்திற்கொண்டே எழுந்தது. தேயிலை ஆண்டு முழுவதும் உழைப்பை வேண்டியமையாற் பெண்களும் பிள்ளைகளும் வந்து நிலைகொண்டனர். குடும்பம் வந்தது, காம்பிராவின் அளவு மாறவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறப்பர்ச் செய்கை கேகாலையிலும் இரத்தினபுரியிலும் பரவியபோது அதே லயம் அங்கும் சென்றது. சமையலும் உறக்கமும் நோயாளியின் படுக்கையும் ஒரே கூரையின்கீழ் அமைந்தன.

மலசலகூடம் லயத்தோடு பிறந்ததன்று. 1916இல் மாத்தளைப் பகுதியில் ரொக்பெல்லர் நிறுவனத்தின் ஆதரவுடன் கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கியது. மருந்துண்டு குணமடைந்தோர் மீண்டும் அதே மண்ணில் வெறுங்காலோடு நடந்து புழுவை ஏற்றனர்; எனவே மலசலகூடமின்றி மருந்து வீண் என்பது புலனாயிற்று. செலவைக் கருதித் தோட்டத்துரைமார் தயங்கினர். எனினும் அப்புழு தொழிலாளியின் இரத்தத்தையும் அதனால் அவனது உழைப்பையும் குறைத்தமையால் அவர்களும் அதனை முற்றாகப் புறக்கணிக்க இயலவில்லை. பிள்ளையின் வயிற்றோட்டமோ செக்ரோலிற் பதியப்படும் நோயன்று.

இங்கு ஒரு வேறுபாடு கவனிக்கத்தக்கது. கொழுக்கிப்புழு மண்வழியே தோலினுட் புகுவது. குழி மலசலகூடம் அதனைத் தடுக்கும். வயிற்றோட்டக் கிருமிகள் கைவழியும் நீர்வழியும் ஈவழியும் பரவுவன. கைகழுவ நீரில்லாத மலசலகூடம் பாதி வேலையையே செய்யும். இரத்தினபுரியில் ஆண்டுதோறும் 3000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழிகின்றது. நீருக்குப் பஞ்சமில்லை, தூய நீருக்கே பஞ்சம். மலையூற்றிலிருந்து திறந்த வாய்க்காலில் வரும் நீர் பீலியில் விழுமுன், மேற்சரிவின் அழுக்கையெல்லாம் மழை அதிற் சேர்த்துவிடுகின்றது. கொதிக்கவைத்துப் பருகுக என்பது நல்ல அறிவுரையே. ஆனால் விடியுமுன் பால்வெட்டச் செல்லும் தாய்க்கு விறகும் வேண்டும், வேளையும் வேண்டும். தானே புறப்படும் பிள்ளை கைகழுவப் பீலிவரை நடக்க வேண்டும்.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. மலசலகூடங்களும் குழாய்களும் பெருகின எனினும், சில லயங்களுக்கு அவை வந்தன, சிலவற்றுக்கு வரவில்லை. 1970களின் பிற்பகுதி தொட்டுத் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. இதனாற் பாடசாலையின் நீர் கல்வித்துறையின் கவலையாயிற்று. லயத்தின் நீர் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே நின்றது. இரண்டையும் பருகுவது ஒரே பிள்ளைதான்.