ஒன்டாரியோவைத் தேடி

கொட்டகலை ஸ்டேஷனில் கேமராவோடு நின்றோம். சிங்கமலைச் சுரங்கப் பக்கம் கோச்சி ஊதியதும் ஓடினோம். வந்தது வேற இன்ஜின்!

நாங்கள் தேடுவது எம்2. கொழும்புத் திட்டத்தில் கனடா கொடுத்த டீசல் இன்ஜின். 1954இல் வந்த 569க்குப் பெயர் ஒன்டாரியோ. அடுத்தது அல்பர்ட்டா, அப்புறம் சஸ்காட்சுவான். எழுபது வருஷம் தாண்டியும் இந்த வகையில் சில இன்னும் ஓடுகின்றன. பன்னிரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், சத்தமே தனி.

கனடாப் பெயரோடு வந்த இன்ஜினுக்கு இங்கே உடனே இடம் கிடைத்தது. இந்தப் பாதையில் இறங்கிய தேயிலையைப் பறித்த எங்கள் தாத்தா பாட்டிமாருக்கோ 1948லேயே குடியுரிமை போயிருந்தது. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு அவர்களைத் தலைமன்னாருக்குக் கொண்டுபோன ரயிலை ஒப்பாரிக் கோச்சி என்றார்கள்.

அந்தக் கோச்சியின் போட்டோ யார் வீட்டிலாவது இருந்தால் காட்டுங்கள். இன்ஜின் நம்பர் தெரிந்தால் போதும்.