கொக்கட்டிச்சோலை இறால் பண்ணை வழக்கு

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், கொக்கட்டிச்சோலையை அடுத்த மகிழடித்தீவில் இருந்த இறால் பண்ணை 1987 ஜனவரி 28 அன்று அழிக்கப்பட்டதால் எழுந்த சர்வதேச நடுத்தீர்ப்பு வழக்கு. வழக்காளி ஹொங்கொங்கில் பதிவான ஏஷியன் அக்ரிகல்ச்சரல் புரொடக்ட்ஸ் நிறுவனம். எதிராளி இலங்கைக் குடியரசு. உலக வங்கியைச் சார்ந்து வாஷிங்டனில் இயங்கும் முதலீட்டுத் தகராறுகளுக்கான மையம், இரு நாடுகளிடையிலான முதலீட்டு உடன்படிக்கை ஒன்றையே ஆதாரமாகக் கொண்டு தீர்ப்பு வழங்கிய முதல் வழக்கு இது. முதலீட்டுச் சட்டம் படிப்போர் தொடக்கத்திலேயே எதிர்கொள்ளும் தீர்ப்புகளில் ஒன்று.

உள்நாட்டுப் போர் நடந்த அக்காலத்தில், கிழக்கில் அரசின் விசேட அதிரடிப்படை நடத்திய நடவடிக்கையின்போது பண்ணை அழிந்தது. ஊழியர்களில் இருபதுக்கு மேற்பட்டோரும் அயல் கிராமத்தவர் பலரும் கொல்லப்பட்டனர். மகிழடித்தீவுப் படுகொலை என்றும் ஊர் மக்கள் இதை நினைவுகூருகின்றனர்.

பண்ணை செரண்டிப் சீஃபூட்ஸ் என்ற இலங்கைக் கம்பனிக்குரியது. ஹொங்கொங் நிறுவனம் அதில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கை வைத்திருந்தது. 1980இல் பிரித்தானியாவும் இலங்கையும் செய்த முதலீட்டுப் பாதுகாப்பு உடன்படிக்கை ஹொங்கொங்குக்கும் விரிவாக்கப்பட்டிருந்ததால், அந்நிறுவனம் 1987 ஜூலையில் வழக்குத் தொடுத்து எண்பது இலட்சம் டொலருக்கு மேல் இழப்பீடு கோரியது. அகமது எல்-கொஷேரி தலைமையில் பெர்தோல்ட் கோல்ட்மன், சாமுவேல் அசான்டே ஆகியோர் நடுவர்களாக அமர்ந்தனர்.

1990 ஜூன் 27 தேதியிட்ட தீர்ப்பின் ஒரு பகுதி, உடன்படிக்கையை எப்படிப் பொருள்கொள்வது, மெய்ப்பிக்கும் சுமை யாருடையது ஆகிய இரண்டையும் விதி விதியாக வகுத்துச் செல்கிறது. பிற்கால நடுவர்களும் இப்பகுதியை எடுத்தாண்டுள்ளனர். முழுப் பாதுகாப்புத் தருவதாக அரசு வாக்களித்திருந்ததால் நேர்ந்த எந்தச் சேதத்துக்கும் அதுவே பொறுப்பு என்பது நிறுவனத்தின் வாதம். நடுவர்கள் இதை ஏற்கவில்லை. பண்ணையை அழித்தது அரசுப் படையே என்பதும் போதிய சான்றுடன் நிறுவப்படவில்லை என்றனர். ஆயினும், உரிய விழிப்போடு நடந்துகொள்ளும் கடமையில் அரசு தவறியது என்று பெரும்பான்மையர் முடிவு செய்தனர். கிளர்ச்சியாளரோடு தொடர்புடையோர் எனச் சந்தேகிக்கப்பட்ட ஊழியர்களை வெளியேற்றுமாறு நிர்வாகத்திடம் கேட்டிருக்கலாம். நிர்வாகமும் ஒத்துழைக்க ஆயத்தமாக இருந்தது. அந்த அமைதியான வழி இருக்க ஆயுத நடவடிக்கையில் இறங்கியதே தவறு என்பது அவர்கள் கண்ட நியாயம். அசான்டே இதற்கு உடன்படாமல் தனியே எழுதினார்.

பண்ணை தொழில் தொடங்கிச் சிறிது காலமே ஆகியிருந்தது. அதனால் நற்பெயர் மதிப்பும் எதிர்கால இலாபமும் கணக்கில் சேரவில்லை. பங்கின் பெறுமதியாக 460,000 அமெரிக்க டொலரும் அதற்கு 10 சதவீத வட்டியும் வழங்கப்பட்டன. கொல்லப்பட்ட ஊழியர்களின் குடும்பங்கள் இவ்வழக்கில் தரப்பினர் அல்லர். முதலீட்டாளருக்கு மன்றம் அமைத்துத் தந்த உடன்படிக்கை அவர்களுக்கு ஒரு கதவையும் திறக்கவில்லை. தீர்ப்பைப் பற்றிய சட்ட நூல்களில் இதற்கு உரிய இடம் கிடைக்காதது பெருங்குறை.

முதலீட்டு நடுத்தீர்ப்பு முறை மூலதனத்தின் பக்கம் சாய்கிறது என்று நெடுங்காலமாக வாதிட்டு வருபவர் இலங்கைத் தமிழரான பேராசிரியர் மு. சொர்ணராஜா. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த அவரது வெளிநாட்டு முதலீட்டுச் சட்ட நூலை 1994இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்டது. அது பல பதிப்புகள் கண்டது.

இத்தகைய சர்வதேச மையத்துக்கு வெளியே, இலங்கையிலேயே நடக்கும் நடுத்தீர்ப்புக்கு இன்று நடைமுறையிலுள்ளது 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டம். வர்த்தமானியில் வேறு வலயம் குறிக்கப்படாதவரை, அதன்கீழான விண்ணப்பங்களுக்கு யாழ்ப்பாணச் சட்டத்தரணியும் கொழும்பு மேல் நீதிமன்றத்துக்கே போகவேண்டும்.