இயங்குதளம் மாறியபோது எஞ்சியது: தகவல்தொடர்பு மென்பொருளில் வடிவமைப்புப் பாங்குகள்

1995-இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் ஐரோப்பியப் பொருள்நோக்கு நிரலாக்க மாநாடு கூடியது. அதில் டக்ளஸ் ஷ்மிட், பால் ஸ்டீஃபன்சன் இருவரும் ஒரு கட்டுரை அளித்தனர். எரிக்சன் நிறுவனத்தில் யுனிக்ஸ் இயங்குதளத்துக்கென எழுதப்பட்ட தொலைபேசிக் கண்காணிப்பு மென்பொருளை விண்டோஸ் என்.டி.க்கு மாற்றிய அனுபவத்தை அது விவரித்தது. நிரலை அப்படியே எடுத்துச் செல்ல முடியவில்லை. இடைமுகங்களும் நுண்வடிவமைப்பும்கூடப் புதிய தளத்தில் பொருந்தவில்லை. எடுத்துச் செல்ல முடிந்தது அடியில் இருந்த வடிவமைப்புப் பாங்குகளை மட்டுமே என்று அவர்கள் பதிவு செய்தார்கள். மறுபயன்பாடு என்றால் எழுதிய நிரலை மீண்டும் பயன்படுத்துவது என்று தொழில்துறை நம்பியிருந்த காலத்தில் இது கனமான முடிவு. வடிவமைப்புப் பாங்கு (டிசைன் பேட்டர்ன்), அதாவது மீண்டும் மீண்டும் எழும் சிக்கலுக்கான தீர்வைப் பெயரிட்டு எழுதி வைப்பது, என்ற கருத்து தன் மதிப்பை உண்மையாக நிறுவிய களம் தகவல்தொடர்பு மென்பொருள்தான் என்பது என் வாதம்.

கருத்தின் பிறப்பு பலரும் அறிந்தது. கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் அலெக்சாண்டர் 1977-இல் வீடு, தெரு, நகரம் ஆகியவற்றுக்கான பாங்குகளைத் தொகுத்து வெளியிட்டார். கென்ட் பெக்கும் வார்ட் கன்னிங்ஹாமும் 1987-இல் அந்த முறையை ஸ்மால்டாக் நிரலாக்கத்துக்குக் கொண்டுவந்தனர். எரிக் காமா, ரிச்சர்ட் ஹெல்ம், ரால்ஃப் ஜான்சன், ஜான் விலிசிடிஸ் நால்வரும் 23 பாங்குகளைத் தொகுத்த நூல் 1994-இல் வந்தது. அதே ஆண்டு இல்லினாயில் உள்ள அல்லர்ட்டன் பூங்காவில் பாங்குகளுக்கான முதல் மாநாடு நடந்தது. எழுதியவர் வாய் திறக்காமல் அமர்ந்திருக்க, மற்றவர்கள் அவருடைய பிரதியை அலசும் பட்டறை முறை அந்த மாநாடுகளின் தனி அடையாளம். இலக்கியப் பட்டறைகளிலிருந்து வந்த அந்த வழக்கம், பாங்கு என்பது முதலில் நன்றாக எழுதப்பட்ட உரைநடை என்ற எண்ணத்தை வேரூன்றச் செய்தது.

தகவல்தொடர்பு மென்பொருளின் சிக்கல் வேறு வகையானது. ஒரு சர்வரோடு நூற்றுக்கணக்கான இணைப்புகள் ஒரே நேரத்தில் திறந்திருக்கும். எதிலிருந்து எப்போது தரவு வரும் என்று சொல்ல முடியாது. மறுமுனை அறிவிப்பின்றி அறுந்துபோகலாம். 1983-இல் வெளியான 4.2 பி.எஸ்.டி. யுனிக்ஸ், வலையமைப்பு இணைப்பின் முனைகளான சாக்கெட்டுகளையும் அவை பலவற்றை ஒரே அழைப்பில் கண்காணிக்கும் செலக்ட் என்ற வசதியையும் கொடுத்தது. ஆனால் அதைச் சுற்றி நிரலை எப்படி ஒழுங்குபடுத்துவது என்பதை ஒவ்வொரு குழுவும் தானே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. தேர்ந்த நிரலாளர்களுக்கு விடை தெரியும். அது அவர்களுடைய நிரலுக்குள் புதைந்து கிடந்தது.

அந்தப் புதையலைத் தோண்டி எடுத்தவர் ஷ்மிட். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் ஆய்வு மாணவராக இருந்தபோதே ஏஸ் என்ற சி++ நூலகத்தை உருவாக்கத் தொடங்கினார். அதிலிருந்து வெளிப்பட்டதே ரியாக்டர் என்ற பாங்கு. ஒரே மையம் எல்லா இணைப்புகளையும் காத்திருந்து கவனிக்கிறது. ஒன்றில் நிகழ்வு நேர்ந்ததும், அதற்கெனப் பதிவு செய்யப்பட்ட கையாளியை அழைக்கிறது. கல்யாணப் பந்தியில் ஒருவர் நின்று எல்லா இலைகளையும் பார்த்து, எந்த இலைக்கு எது வேண்டுமோ அதைப் பரிமாறுபவரைக் கூப்பிடுவது போன்ற ஏற்பாடு இது. ஒவ்வோர் இணைப்புக்கும் தனி இழை ஒதுக்கும் செலவு மிச்சம். 1993-இல் சி++ ரிப்போர்ட் இதழில் இதைப் பற்றி எழுதிய ஷ்மிட், அடுத்து அதைப் பாங்கின் வடிவில் எழுதினார். இந்த ஏற்பாடு ஏற்கெனவே ஸ்டான்ஃபர்டின் இன்டர்வியூஸ் நூலகத்திலும் எக்ஸ் விண்டோ கருவித்தொகுப்பிலும் இருந்தது என்பதை மறைக்காமல் சான்றாகவே காட்டினார். புதுமையை உரிமை கொண்டாடாமல் பழக்கத்தில் இருப்பதற்குப் பெயரிடுவதுதான் பாங்கு எழுதுபவரின் கடமை. அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

எரிக்சன் மாற்றத்தில் நடந்ததை இங்கே கூர்ந்து பார்க்க வேண்டும். யுனிக்ஸில் ரியாக்டரின் அடித்தளம் செலக்ட். தயாராக இருக்கும் இணைப்புகள் அனைத்தையும் அது ஒரே முறையில் சொல்லிவிடும். விண்டோஸில் செலக்ட் சாக்கெட்டுகளுக்கு மட்டுமே வேலை செய்யும். பலவகை நிகழ்வுகளுக்கும் சேர்த்துக் காத்திருக்க அங்கே உள்ள வெயிட்ஃபார்மல்டிபிள்ஆப்ஜெக்ட்ஸ் அழைப்பு 64 கைப்பிடிகளுக்கு மேல் ஏற்காது. அதில் பல தயாராக இருந்தாலும், பட்டியலில் முன்னால் இருப்பது ஒன்றையே சொல்லும். அப்படியே விட்டால் பட்டியலின் கடைசியில் இருக்கும் இணைப்பு பசியில் கிடக்கும். ஆகவே உள்ளே இருந்த வழிமுறைகளைப் புதிதாக எழுத வேண்டியிருந்தது. ஆனால் நிகழ்வைப் பிரித்தறிவது ஒருவர் பொறுப்பு, அதற்குப் பதில்வினை செய்வது வேறொருவர் பொறுப்பு என்ற பிரிவினை இரு தளங்களிலும் மாறவில்லை. எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்று குழுவுக்குத் தெரிந்திருந்தது. திட்டத்தின் இடர் குறைந்ததற்கு அதுவே காரணம்.

விண்டோஸின் இயல்பு இன்னொரு பாங்குக்கும் இடம் தந்தது. இணைப்பு தயாரா என்று கேட்டுவிட்டுப் படிப்பது ரியாக்டர் வழி. படிக்கும் வேலையை இயங்குதளத்திடமே ஒப்படைத்துவிட்டு, முடிந்ததும் செய்தி பெறுவது மற்றொரு வழி. இதை இர்ஃபான் ப்யாராலி, டிம் ஹாரிசன் ஆகியோருடன் சேர்ந்து ஷ்மிட் 1997-இல் புரொயாக்டர் என்ற பெயரில் எழுதினார்.

இதே காலத்தில் பெல் ஆய்வகத்தைச் சுற்றி வளர்ந்த மற்றொரு கிளையை வரலாற்றாசிரியர்கள் போதிய அளவு கவனிப்பதில்லை. 1965-இல் சேவைக்கு வந்த 1இஎஸ்எஸ் தொலைபேசி இணைப்பகத்துக்கு வைக்கப்பட்ட இலக்கு, 40 ஆண்டுகளில் மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் முடங்கக் கூடாது என்பது. அந்த மரபில் உழைத்த மைக்கேல் ஆடம்ஸ், ஜேம்ஸ் கோப்ளியன், ராபர்ட் ஹான்மர் முதலானோர் தங்கள் பட்டறிவை 1996-இல் பாங்குகளாக வெளியிட்டனர். அவற்றில் ஒன்று ஒழுகும் வாளி எண்ணி. ஒரு பகுதியில் பிழை நேரும்போதெல்லாம் எண்ணிக்கை ஏறும்; குறிப்பிட்ட இடைவெளியில் தானாகவே இறங்கும். எப்போதாவது வரும் மின்னிரைச்சல் பிழைகளில் எண்ணிக்கை தங்காது. நிலையான பழுது என்றால் வரம்பைத் தாண்டிவிடும், அந்தப் பகுதி விலக்கப்படும். மனிதத் தலையீட்டைக் குறைக்க வேண்டும் என்று ஒரு பாங்கு சொல்கிறது, ஏனெனில் அவசரத்தில் மனிதர் செய்யும் தவறே பல முடக்கங்களுக்குக் காரணம். மனிதருக்கே நன்றாகத் தெரியும், கட்டுப்பாட்டை அவர் கையில் வைத்துக்கொள்ள வழி விடு என்று மற்றொன்று சொல்கிறது. முரண்போலத் தெரியும் இவை இரண்டும் ஒன்றையொன்று அறிந்தே எழுதப்பட்டவை. இயந்திரம் தானே மீள முயல வேண்டும். என்ன செய்கிறது என்பதை மறைக்காமல் காட்டவும் வேண்டும். 23 பாங்குகளின் நூலில் இத்தகைய இழுபறிக்கு இடமே இல்லை. பழுதோடு வாழப் பழகிய துறையிலிருந்துதான் அது வர முடியும்.

2000-இல் ஷ்மிட், மைக்கேல் ஸ்டால், ஹான்ஸ் ரோனர்ட், ஃபிராங்க் புஷ்மன் நால்வரும் இணைநிகழ்வு, வலையமைப்பு ஆகியவற்றுக்கான பாங்குகளைத் தனி நூலாகத் தொகுத்தனர். அதன் பிறகு பரவல் வேகமெடுத்தது. லினக்ஸின் ஈபோல் போன்ற புதிய வசதிகள் ஒரே கணினியில் பத்தாயிரக்கணக்கான இணைப்புகளைத் தாங்க வழி செய்தன. பைத்தானின் ட்விஸ்டட் நூலகம் தன் நிகழ்வுச் சுழலுக்கு ரியாக்டர் என்றே பெயரிட்டது. ஜாவாவின் நெட்டி, 2009-இல் வந்த நோட்.ஜேஎஸ் ஆகியவை அதே அமைப்பில் எழுந்தவை. சி++ உலகில் பூஸ்ட் ஏசியோ, புரொயாக்டரைத் தன் அடிப்படையாக அறிவித்தது. 2019-இல் லினக்ஸில் சேர்ந்த ஐஓ_யூரிங்கும், முடிந்தபின் செய்தி சொல்லும் வழியையே எடுத்துக்கொண்டது. 1995-இல் இரு இயங்குதளங்களுக்கு இடையே இருந்த வேறுபாடு கால் நூற்றாண்டுக்குள் ஒரே இயங்குதளத்தின் இரு தெரிவுகளாகிவிட்டது.

ரியாக்டருக்கு விலையும் உண்டு. கட்டுப்பாடு மையத்திடம் போய்விடுவதால் நிரலின் ஓட்டம் துண்டு துண்டாகிறது. பிழை தேடுவது கடினமாகிறது. இதை ஷ்மிட் தொடக்கத்திலேயே குறைபாடாக எழுதி வைத்தார். பின்னாளில் சி ஷார்ப், பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் மொழிகளில் வந்த அசிங்க்–அவெய்ட் முறை, வரிசையாக எழுதும் வசதியை நிரலாளருக்கு மீட்டுக் கொடுத்தது. ஆனாலும் அடியில் சுழல்வது பெரும்பாலும் அதே நிகழ்வு மையம்தான்.

நம் பொறியியல் கல்லூரிகளில் பாங்குகள் என்றால் 23-இல் சிலவற்றின் வரைபடங்களைத் தேர்வுக்காகப் படிப்பதாகவே பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. வலையமைப்பு நிரலாக்கம் தனிப் பாடமாக ஒதுங்கி நிற்கிறது. இரண்டையும் ஒன்றாக வைத்துக் கற்பியுங்கள் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். மாணவர்கள் செலக்டை வைத்து ஒரு சிறு ரியாக்டர் எழுதட்டும், பிறகு அதையே ஈபோலுக்கு மாற்றட்டும். எந்த வரிகள் மாறின, எந்தப் பிரிவினை மாறவில்லை என்று அவர்களே குறித்து வைக்கட்டும்.