கீழூர் வாக்கெடுப்பு, 1954

கீழூர் வாக்கெடுப்பு என்பது பிரெஞ்சிந்தியப் பகுதிகளை இந்தியாவுடன் இணைப்பது குறித்து அக்டோபர் 18, 1954 அன்று புதுச்சேரியின் வில்லியனூர்ப் பகுதியில் உள்ள கீழூர் என்னும் சிற்றூரில் நடைபெற்ற வாக்கெடுப்பு ஆகும். இதில் பொதுமக்கள் நேரடியாக வாக்களிக்கவில்லை. மக்கள் பிரதிநிதிகள் சபை, நகராட்சி மன்றங்கள் ஆகியவற்றின் உறுப்பினர்கள் 178 பேர் வாக்களித்தனர். இணைப்புக்கு ஆதரவாக 170 வாக்குகளும் எதிராக 8 வாக்குகளும் பதிவாயின. இம்முடிவின் அடிப்படையில் நவம்பர் 1, 1954 அன்று ஆட்சிப் பொறுப்பு இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்கள் மக்களுக்காக இம்முடிவை எடுக்கத் தகுதியுடையவர்களா என்பது வாக்கெடுப்புக்கு முன்னரும் பின்னரும் விவாதிக்கப்பட்டது.

பின்னணி

பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரிப் பகுதி கொம்யூன் எனப்படும் உள்ளாட்சிப் பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. புதுச்சேரி, உழவர்கரை, முதலியார்பேட்டை, அரியாங்குப்பம், வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம், திருபுவனை ஆகிய எட்டும் அக்கொம்யூன்கள் ஆகும். ஒவ்வொன்றும் ஒரு நகராட்சி மன்றத்தையும் மேயரையும் கொண்டிருந்தது. ஊர்ப்புறக் கொம்யூன்களின் நிலங்கள் அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்து ஊர்களுடன் பின்னிக் கிடந்தன. இந்திய விடுதலைக்குப் பின்னர் எல்லையில் சுங்கச் சோதனையும் அனுமதிச் சீட்டு முறையும் வந்தபோது, பக்கத்து ஊருக்குச் சென்று வருவதே இம்மக்களுக்குக் கடினமாயிற்று.

1946 ஆம் ஆண்டின் பிரெஞ்சு அரசியலமைப்பின் 27 ஆம் பிரிவு, தொடர்புடைய மக்களின் ஒப்புதல் இல்லாமல் எந்த நிலப்பகுதியையும் விட்டுக்கொடுக்க இயலாது என்று கூறியது. இதற்கேற்ப, பிரெஞ்சிந்தியப் பகுதிகளின் எதிர்காலத்தை மக்களே முடிவு செய்வர் என்று இந்தியாவும் பிரான்சும் 1948 சூன் மாதம் உடன்பாடு கண்டன. மக்கள் வாக்கெடுப்பின் விதிமுறைகளை வகுக்கும் பொறுப்பு நகராட்சி மன்றங்களுக்கு அளிக்கப்பட்டது. சந்தன்நகரில் மட்டும் சூன் 19, 1949 அன்று நேரடி வாக்கெடுப்பு நடந்தது. அங்கு இணைப்புக்கு ஆதரவாக 7,473 வாக்குகளும் எதிராக 114 வாக்குகளும் கிடைத்தன.

1948 தேர்தலும் சர்ச்சையும்

1948 அக்டோபரில் நடந்த நகராட்சித் தேர்தலில் எதுவார் குபேர் தலைமையிலான பிரெஞ்சிந்திய சோசலிசக் கட்சி பெரும் வெற்றி பெற்றது. அக்கட்சி அப்போது பிரெஞ்சு ஆட்சிக்கு ஆதரவானது. வன்முறையும் முறைகேடுகளும் நிகழ்ந்ததாகக் கூறி, புதிய மன்றங்கள் மக்களின் உண்மையான விருப்பத்தைக் காட்டவில்லை என்று இணைப்பு ஆதரவாளர்கள் வாதிட்டனர். மாகேயில் தேர்தலுக்கு முன்னரே கிளர்ச்சி வெடித்தது.

இதன் பின்னர் இணைப்பு ஆதரவாளர்களின் உத்தி மாறியது. பிரெஞ்சு நிருவாகமும் அதன் ஆதரவு பெற்ற மேயர்களும் பொறுப்பில் இருக்கும்வரை நேர்மையான வாக்கெடுப்பு நடைபெறாது என்றும், முதலில் ஆட்சி கைமாற வேண்டும் என்றும் அவர்கள் கோரினர். 1951 ஆம் ஆண்டில் நிலைமையை ஆராய்ந்த நடுநிலைப் பார்வையாளர்களும், சுதந்திரமான வாக்கெடுப்புக்கு ஏற்ற சூழல் இல்லை என்ற முடிவுக்கே வந்தனர். 1952 இல் இந்திய அரசு வாக்கெடுப்புத் திட்டத்தைக் கைவிட்டு, நேரடி ஒப்படைப்பை வலியுறுத்தியது.

1954 திருப்பம்

மார்ச் 18, 1954 அன்று புதுச்சேரி மேயரும் ஏனைய ஏழு கொம்யூன்களின் மேயர்களும் மக்கள் வாக்கெடுப்பு இன்றி உடனே இந்தியாவுடன் இணைய வேண்டும் எனத் தீர்மானித்தனர். பிரெஞ்சு ஆட்சியின் தூணாகக் கருதப்பட்ட குபேரும் இணைப்பு அணிக்கு மாறினார். மார்ச் இறுதியில் நெட்டப்பாக்கம் இணைப்பு ஆதரவாளர்களின் கைக்கு வந்தது. அங்கு தற்காலிக அரசு ஒன்று அமைக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து பாகூர் உள்ளிட்ட பிற ஊர்ப்புறப் பகுதிகளிலும் பிரெஞ்சு அதிகாரம் தளர்ந்தது. சூன் மாதத்தில் ஏனாமும் சூலை மாதத்தில் மாகேயும் பிரெஞ்சுக் கட்டுப்பாட்டிலிருந்து விலகின.

இந்நிலையில் இரு தரப்பு வாதங்களும் இடம் மாறின. முன்பு மேயர்களின் தகுதியை மறுத்தவர்கள், இப்போது அவர்களுடைய தீர்மானத்தையே மக்களின் குரலாகக் காட்டினர். முன்பு மேயர்களை ஆதரித்து வந்த பிரெஞ்சுத் தரப்போ, அரசியலமைப்பின்படி மக்களின் நேரடி ஒப்புதலே தேவை என்றது. நேரடி வாக்கெடுப்பும் நிபந்தனையற்ற ஒப்படைப்பும் இயலாத சூழலில், தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களின் கருத்தைக் கேட்பது என்னும் இடைவழியை இரு அரசுகளும் ஏற்றன. அப்போது பிரெஞ்சுத் தலைமை அமைச்சராக இருந்தவர் பியேர் மென்டஸ் பிரான்ஸ்.

வாக்கெடுப்பு

கீழூர்க் கூட்டத்தில் புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளின் உறுப்பினர்கள் கலந்துகொண்டனர். இணைப்பை விரும்பாத எட்டு உறுப்பினர்கள் கூட்டத்தைப் புறக்கணிக்காமல் எதிர்த்து வாக்களித்தனர். இதனால் எதிர்ப்பும் முடிவின் பகுதியாகவே பதிவாயிற்று. மூன்று நாட்களுக்குப் பின்னர், அக்டோபர் 21 அன்று புது தில்லியில் ஒப்பந்தம் கையெழுத்தானது.

விளைவுகள்

மே 28, 1956 அன்று இரு நாடுகளும் முறையான ஒப்படைப்பு உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. ஆயினும் பிரெஞ்சு நாடாளுமன்றம் 1962 இல்தான் அதற்கு ஒப்புதல் அளித்தது. ஆகஸ்டு 16, 1962 அன்று உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. 1954 இல் நேரடியாகக் கேட்கப்படாத மக்களின் விருப்பம் இவ்வுடன்படிக்கையில் இரண்டு வகைகளில் இடம்பெற்றது:

* இப்பகுதிகளில் பிறந்து அங்கேயே வாழ்ந்தவர்கள் இந்தியக் குடிமக்கள் ஆயினர். எனினும் ஆறு மாதங்களுக்குள் எழுத்து மூலம் அறிவித்து, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தொடரும் உரிமை ஒவ்வொருவருக்கும் இருந்தது.
* இப்பகுதிகளின் சிறப்பு நிருவாக நிலையில் அரசியலமைப்பு மாற்றம் செய்வதாயின், மக்களின் விருப்பத்தை அறிந்த பின்னரே செய்ய வேண்டும்.

புதுச்சேரியை அண்டை மாநிலங்களுடன் இணைக்கும் கருத்தை 1979 இல் தலைமை அமைச்சர் மொரார்ஜி தேசாய் வெளியிட்டபோது, அதற்கு எதிராகப் பெரும் போராட்டம் எழுந்தது. புதுச்சேரி தனி ஒன்றியப் பகுதியாகவே நீடித்தது.

குபேர் 1963 இல் புதுச்சேரியின் முதல் முதலமைச்சரானார். வாக்கெடுப்பு நடந்த இடத்தில் நினைவுச் சின்னம் அமைக்கப்பட்டுள்ளது. ஆண்டுதோறும் ஆகஸ்டு 16 அன்று அங்கு தேசியக் கொடி ஏற்றப்படுகிறது.