செஞ்சிக்கோட்டையும் கோட்டூர்புரமும்: தொட்டுக் கற்கும் இரண்டு இடங்கள்

விடுமுறையில் பிள்ளைகளை எங்கே அழைத்துப் போவது என்ற கேள்விக்குப் பெற்றோரிடம் ஆயத்தமான பதில்கள் உண்டு. வரலாறு என்றால் செஞ்சிக்கோட்டை. அறிவியல் என்றால் சென்னை கோட்டூர்புரத்துத் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மையம். பாடநூல்கள் இரண்டாக இருப்பதால் இடங்களையும் இரண்டாக வகுத்துக்கொண்டோம். ஆனால் இரண்டையும் அருகருகே வைத்து எடைபோடும்போது அந்தப் பகுப்பு அவ்வளவு உறுதியாக நிற்பதில்லை.

முதலில் உடலிலிருந்து தொடங்குவோம். கோட்டூர்புரத்தில் பார்வையாளர் கைப்பிடியைச் சுற்றுகிறார், பொருள் இயங்குகிறது. செஞ்சியில் பொருள்கள் அசையாமல் நிற்கின்றன, பார்வையாளர் இயங்குகிறார். அங்கே ஆற்றல் ஒரு விளக்கு எரிவதில் தெரிகிறது. இங்கே முழங்காலில் தெரிகிறது. 30 கிலோ எடையுள்ள சிறுமி ஒருத்தி கோட்டையின் ஏறத்தாழ 240 மீட்டர் உயரமுள்ள ராஜகிரி மலையில் ஏறுகிறாள் என்று கொள்வோம். புவியீர்ப்புக்கு எதிராக அவள் செய்யும் வேலை சுமார் 70,000 ஜூல். கிலோ கலோரிக் கணக்கில் அது வெறும் 17. தசைகள் தமக்குக் கிடைக்கும் ஆற்றலில் நான்கிலோ ஐந்திலோ ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றும் என்பதால், ஏற்றத்துக்கு ஆகும் செலவு 70 முதல் 85 கிலோ கலோரி வரை. ஒரு பெரிய வாழைப்பழம் அதற்குப் போதும். மூச்சிரைக்க ஏறி முடித்த பிள்ளையிடம் இந்தக் கணக்கைச் சொன்னால் முதலில் நம்ப மறுக்கும். பிறகு தானே போட்டுப் பார்க்கும்.

அடுத்து நீர். இணைந்த குழாய்களில் நீர் ஒரே மட்டத்தைத் தேடும் என்பதைக் கண்ணாடிக் குழாய்களில் வண்ண நீர் ஊற்றிக் காட்டுவது அறிவியல் கூடங்களின் வழக்கம். பார்த்த நொடியில் புரியும். எதற்குப் பயன்படும் என்பது புரியாது. செஞ்சியில் இது தலைகீழ். மதிலுக்கு வெளியே இருந்த நீர்த்தேக்கத்திலிருந்து சுட்ட மண் குழாய் வழியாகக் கல்யாண மகாலின் மேல்மாடி வரை நீர் வந்ததாகக் கோட்டையைப் பற்றிய குறிப்புகள் கூறுகின்றன. எதற்குப் பயன்பட்டது என்பது உடனே விளங்குகிறது. எப்படி ஏறியது என்பதுதான் நின்று யோசிக்க வைக்கிறது. அறிவியல் கூடத்தில் விதி வெளிப்படை, தேவை மறைவு. கோட்டையில் தேவை வெளிப்படை, விதி மறைவு.

வானத்துக்கும் இது பொருந்தும். கோட்டூர்புர வளாகத்தில் 1988இல் தொடங்கிய பிர்லா கோளரங்கத்தில் பார்வையாளர் அமர்ந்திருக்க, குவிமாடத்தில் இரவு வருகிறது. தொடுவானம் சுவரின் விளிம்போடு முடிகிறது. ராஜகிரி உச்சியில் தொடுவானம் உண்மையானது, அளக்கவும் கூடியது. 240 மீட்டர் உயரத்தில் நிற்பவருக்குச் சமவெளி ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவு வரை விரியும் என்று புவியின் வளைவைக் கொண்டு கணக்கிடலாம். எதிரிப் படை கிளப்பும் புழுதியை அது வந்து சேர்வதற்கு ஒரு பகலுக்கு முன்பே காவலன் பார்த்திருக்க முடியும். கோளரங்கம் தொலைவைக் காலமாக மாற்றிச் சொல்கிறது: இந்த விண்மீனின் ஒளி புறப்பட்டு இத்தனை ஆண்டு. மலையுச்சியும் அதையே செய்தது. அதன் அலகு மட்டும் படை நடக்கும் வேகம்.

இனி வேற்றுமை. அறிவியல் மையம் ஒரு பொருளில் ஒரே ஒரு விதியைப் பிரித்து வைக்கிறது: இங்கே நெம்புகோல், அங்கே ஊசல், அதற்கப்பால் ஆடி. கோட்டை எதையும் பிரிப்பதில்லை. நெற்களஞ்சியத்தின் வளைகூரைக்குள் நின்று கைதட்டினால் ஒலியியல். அண்ணாந்து பார்த்தால் வளைவு தன் சுமையைச் சுவருக்குக் கடத்தும் பொறியியல். தானியம் ஈரம் படாமல் எத்தனை காலம் இருக்கும் என்று கேட்டால் உயிரியல். இவையெல்லாம் சேர்ந்ததுதான் முற்றுகை. முகலாயத் தளபதி ஜுல்ஃபிகார் கான் 1690இல் தொடங்கிய முற்றுகைக்கு 1698 வரை கோட்டை விழாமல் நின்றதில் வீரத்துக்கு இருக்கும் பங்கு சுனைக்கும் குதிருக்கும் உண்டு. பிரித்துக் காட்டுவதால் தெளிவு வருகிறது. சேர்த்துக் காட்டுவதால் விளைவு தெரிகிறது.

நோக்கத்தில் இரண்டும் நேர் எதிர். ஒன்று ஆட்களை உள்ளே வரவிடாமல் தடுக்கக் கட்டப்பட்டது. மற்றது ஆட்களை உள்ளே அழைக்கக் கட்டப்பட்டது. எதிர்பாராத உறவு இங்கேதான் தலைகாட்டுகிறது. செஞ்சியின் வாசல்கள் நேராகத் திறப்பதில்லை. திரும்பித் திரும்பிச் செல்லும் வழி, படையின் வேகத்தை ஒடிக்கிறது. ராஜகிரி உச்சிக்குச் சற்றுக் கீழே ஏறத்தாழ 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் கொண்ட பிளவு. அதன் குறுக்கே உள்ள பாலத்தை எடுத்துவிட்டால் வந்தவர் நின்றுதான் ஆக வேண்டும். அருங்காட்சியகம் அமைப்போரும் நேர்வழியை விரும்புவதில்லை. ஓரிடத்தில் திருப்பி, ஓரிடத்தில் மறித்து, வருபவரைப் பொருள்முன் நிற்க வைப்பதே அவர்கள் கலை. இரண்டும் மனிதரைத் தாமதப்படுத்துவதற்கென்றே திட்டமிட்ட கட்டடங்கள். அன்று தாமதித்தவர்மேல் அம்பும் குண்டும் விழுந்தன. இன்று தாமதிப்பவர் எதையாவது கற்றுக்கொள்கிறார்.

சிதைவிலும் ஓர் ஒப்புமை உண்டு. பலரும் தொட்டு இயக்கும் கூடம் எதுவானாலும் சில பொருள்கள் பழுதாகியே இருக்கும். கோட்டையிலும் இடிந்தவை ஏராளம். ஆனால் பழுதான பொருள் வாய் மூடிக்கொள்கிறது. இடிந்த சுவரோ வாய் திறக்கிறது. முழுமையாக இருந்தபோது சுண்ணாம்புப் பூச்சு மறைத்து வைத்திருந்த செங்கல் அடுக்கு, கல் நிரப்பு, கட்டுச் சாந்து எல்லாம் உடைந்த இடத்தில்தான் கண்ணில் படுகின்றன. கட்டடக்கலையை வெட்டுமுகத்தில் காண விரும்புபவருக்குச் செஞ்சியின் இடிபாடே திறந்து வைத்த ஏடு.

இந்த உறவைத் தொலைதூரச் செய்தி ஒன்றும் உறுதிப்படுத்துகிறது. தொட்டு இயக்கும் அறிவியல் கூடங்களுக்கு உலகெங்கும் முன்மாதிரியாகக் கருதப்படும் எக்ஸ்ப்ளோரடோரியத்தை, இயற்பியலாளர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் 1969இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கினார். அவருக்குக் கிடைத்த இடம் நுண்கலை மாளிகை. 1915ஆம் ஆண்டுப் பொருட்காட்சிக்காக, பழைய ரோமானிய இடிபாட்டைப் போலத் தோன்றும்படி கட்டப்பட்ட கட்டடம் அது. புகழ்பெற்ற அந்த அறிவியல் கூடம் பிறந்தது ஒரு போலி இடிபாட்டுக்குள். செஞ்சியில் இருப்பது அசல் இடிபாடு. கூடம்தான் இன்னும் அமையவில்லை.

பெயர்களைப் பார்ப்போம். செஞ்சியில் பெயர்கள் நிரம்பி வழிகின்றன: 1677இல் கோட்டையைக் கைப்பற்றிய சிவாஜி, இங்கிருந்து அரசாண்ட ராஜாராம், 1714இல் போரில் மாண்டு கதைப்பாடலில் வாழும் தேசிங்கு. கோட்டூர்புரத்திலோ பெரும்பாலும் விதிகளே பேசுகின்றன. மனிதர்கள் பின்னணிக்குப் போகிறார்கள். ஆயினும் இரண்டிடத்திலும் ஒரே வகையினர் விடுபட்டிருக்கிறார்கள். மண் குழாயைச் சாய்வு பார்த்துப் பதித்த கொத்தனின் பெயர் அங்கே இல்லை. காட்சிப்பொருளைச் செய்து தினமும் பழுது பார்க்கும் தொழிலாளியின் பெயர் இங்கே இல்லை.

இரண்டில் எது சிறந்தது என்று கேட்பதைவிட எதை முதலில் பார்ப்பது என்று கேட்பதே பயன் தரும். செஞ்சியை முதலில் பார்ப்பதே சரி என்று சொல்வேன். கேள்விகள் அங்கே கிடக்கின்றன. விடைகள் கோட்டூர்புரத்தில் இருக்கின்றன. விடையை முன்னால் கொடுத்துவிட்டால் கேள்வி ருசிப்பதில்லை. நீர் எப்படி ஏறியது என்று மலையடிவாரத்தில் தலையைச் சொறிந்த பிள்ளை, வண்ண நீர்க் குழாய் முன் நிற்கும் விதமே வேறாக இருக்கும். காலையிலேயே ஏறத் தொடங்குங்கள். பிற்பகலில் ஒரு நேரத்துக்குமேல் உச்சிக்கு ஏற அனுமதிப்பதில்லை.

2025 ஜூலையில் மராட்டிய இராணுவ நிலத்தோற்றங்கள் என்ற தலைப்பில் 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது; அவற்றுள் தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி ஒன்றே. இனிப் புதிய அறிவிப்புப் பலகைகள் எழுதுவோர் அரசர் பெயரோடும் ஆண்டோடும் நின்றுவிட வேண்டாம். இந்த வளைவு ஏன் விழவில்லை, இந்த நீர் எங்கிருந்து வந்தது என்று கூடுதலாக ஒரு வரி எழுதட்டும். அறிவியல் மையமும் தன் காட்சிப்பொருள் ஒன்றின் அருகே செஞ்சியின் பெயரை ஒருமுறை எழுதட்டும்.